காற்புள்ளியின் இடம்: ஆங்கிலத் தொடரமைப்புக் குறித்துச் சில கருத்துகள்

காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி எனத் தமிழில் நிறுத்தக்குறிகளுக்கு வழங்கும் பெயர்களே ஓர் அளவுமுறையைப் புலப்படுத்துகின்றன. படிப்பவர் கால் பங்கு நிற்க வேண்டிய இடம் ஒன்று. அரைப் பங்கு நிற்க வேண்டிய இடம் மற்றொன்று. மூச்சைக் கொண்டு குறிகளை அளக்கும் இக்கருத்து ஆங்கில இலக்கண நூல்களிலும் ஒருகாலத்தில் ஆட்சி செலுத்தியது. 1762ஆம் ஆண்டு வெளிவந்த ராபர்ட் லௌத் என்பாரின் ஆங்கில இலக்கணம், முற்றுப்புள்ளிக்குரிய நேரம் முக்காற்புள்ளியின் இருமடங்கு என்றும், முக்காற்புள்ளி அரைப்புள்ளியின் இருமடங்கு என்றும், அரைப்புள்ளி காற்புள்ளியின் இருமடங்கு என்றும் வரையறுத்தது. அக்கணக்கின்படி நோக்கினால் நம் காற்புள்ளி கால் அன்று, அரைக்கால்!

இன்றைய ஆங்கிலத்தில் காற்புள்ளி மூச்சுக்கு உரியதாக இல்லை. தொடரின் எவ்வுறுப்பு எதனோடு இயைகிறது, எது தனித்து நிற்கிறது என்பதைக் காட்டுவதே அதன் தலையாய பணி. ‘கமா’ என்னும் சொல்லின் மூலமாகிய கிரேக்கச் சொல்லுக்கும் ‘வெட்டப்பட்ட துண்டு’ என்பதே பொருள். பெயர் முதலில் துண்டைக் குறித்து, பின்னர்த் துண்டின் எல்லையில் இடும் குறிக்கு ஆகிவந்தது. இலக்கண நூலார் இதனை ஆகுபெயர் என்பர். கி.மு. 200ஐ ஒட்டி அலெக்சாந்திரியா நூலகத்தின் தலைவராக விளங்கிய பைசாந்திய அரிஸ்டோபேன்ஸ், வரியின் மூன்று வேறு உயரங்களில் புள்ளியிட்டு இத்துண்டுகளைப் பிரித்துக் காட்டினார். இன்று நாம் இடும் வளைந்த சிறு கோடு 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெனிஸ் நகரத்து ஆல்டஸ் மனூஷியஸ் என்பாரின் அச்சகத்தில் நிலைபெற்றது.

நம் முன்னோர் இக்குறிகளின்றியே எழுதினர். ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்தின் புள்ளியைக்கூடப் பெரும்பாலும் இடுவதில்லை. எனினும் பொருள் மயங்காமைக்குக் காரணம் உண்டு. வேற்றுமை உருபும், எண்ணும்மையும், எச்சங்களும் தமிழில் குறிகளின் வேலையைச் செய்துவிடுகின்றன. எஞ்சிய இடங்களில் உரையாசிரியர்கள் ‘என இயையும்’, ‘என்க’, ‘கூட்டுக’ என்று சொல்லாலேயே குறியிட்டனர். ‘அறமும் பொருளும் இன்பமும்’ என்னுமிடத்தில் உம்மை இருப்பதால் காற்புள்ளி வேண்டா. உம்மை தொகும்போதுதான் ‘அறம், பொருள், இன்பம்’ என எழுதுகிறோம். உருபுகள் பெரிதும் உதிர்ந்துபோன ஆங்கிலத்தில் அவ்வசதி இல்லை. அங்கே சொல்லின் வரிசையும் காற்புள்ளியுமே துணை. இவ்வேறுபாட்டை உணராது தமிழின் ஓசைப் பழக்கத்தை ஆங்கிலத்தின்மேல் ஏற்றுவதே நம் மாணவர்தம் விடைத்தாள்களிற் காணும் பிழைகளுட் பலவற்றுக்கு வேர்.

அவற்றுள் முதலில் நிற்பது, இரு முழுத் தொடர்களை ஒரு காற்புள்ளியால் ஒட்டுவது. ‘மழை நின்றது, நாங்கள் வீடு திரும்பினோம்’ எனத் தமிழில் எழுதினால் யாரும் குறை காணார். அதனையே ‘தி ரெயின் ஸ்டாப்ட், வி வென்ட் ஹோம்’ என ஆங்கிலத்தில் எழுதினால் அது பிழையாகும். ‘ஸ்டாப்ட்’ ஒரு முற்றுவினை. ‘வென்ட்’ மற்றொரு முற்றுவினை. ஒவ்வொன்றும் தன் எழுவாயோடு நின்று முழுத் தொடராகிவிட்டது. இவ்விரண்டையும் தாங்கும் வலிமை காற்புள்ளிக்கு இல்லை. முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ இடலாம். அன்றேல் காற்புள்ளிக்குப் பின் ‘அண்ட்’ என்னும் இணைப்புச்சொல்லைச் சேர்க்கலாம்.

இதனினும் நுண்ணிய பிழை ஒன்றுண்டு. ‘பட்’, ‘ஹௌஎவர்’ ஆகிய இரண்டிற்கும் நாம் ‘ஆனால்’ என்றே பொருள் கூறிப் பழகியுள்ளோம். பொருள் ஒன்றாயினும் இலக்கண நிலை வேறு. ‘பட்’ இணைப்புச்சொல், அதன்முன் காற்புள்ளி போதும். ‘ஹௌஎவர்’ வினையடை, அஃது இரு தொடர்களை இணைக்காது. ஆகவே, இரண்டாம் தொடர் அச்சொல்லோடு தொடங்குமாயின் அதன்முன் அரைப்புள்ளியோ முற்றுப்புள்ளியோ வரவேண்டும், பின்னரே காற்புள்ளி. அகராதிப் பொருளை மட்டும் மனனம் செய்வோர் இவ்விடத்தில் தவறாது இடறுவர்.

அடுத்தது, நீண்ட எழுவாய்க்குப் பின் மூச்சு வாங்குவதற்காக இடப்படும் காற்புள்ளி. ‘நம் சிற்றூர்களில் வறுமை நீடிப்பதற்கு முதற்காரணம் என்பது,’ என்று தமிழில் எழுதி நிறுத்துகிறோம். ஆங்கிலத்தில் எழுவாய் எத்துணை நீண்டதாயினும் அதற்கும் பயனிலைக்கும் இடையே ஒற்றைக் காற்புள்ளி புகுதல் கூடாது. இடையில் ஒரு விளக்கத் தொடர் வருமாயின் அதன் இரு புறமும் இரண்டு குறிகள் வரலாம். ஒன்று மட்டும் வருவது தகாது. அவ்வாறே ‘என்று’ என்பதற்கு ஈடாக வரும் ‘தட்’ என்னும் சொல்லுக்கு முன்னும் வேண்டா. 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் இவ்விடங்களில் தாராளமாகக் காற்புள்ளி இட்டனர் என்பது உண்மையே. 1791இல் நிறைவேறிய அமெரிக்க அரசமைப்பின் இரண்டாம் திருத்தம் ஒரே தொடர்தான். காங்கிரசு அனுப்பிய படியில் அத்தொடருக்குள் மூன்று காற்புள்ளிகள் உள்ளன. மாநிலங்கள் சில ஏற்ற படிகளில் எண்ணிக்கை மாறுபடுகிறது. படைக்கலன் ஏந்தும் உரிமை தனிமனிதருக்கா, குடிப்படைக்கா என்னும் வழக்குரைகளில் அக்குறிகளும் இன்றுவரை பேசப்படுகின்றன. மூச்சுக்காக இட்ட குறியை இலக்கணக் குறியாகப் படிக்க நேர்ந்ததன் விளைவு இது.

எல்லாவற்றினும் கூர்ந்து கற்கத்தக்கது, பெயரை விளக்கும் தொடர்களில் காற்புள்ளி செய்யும் வேலை. ‘மை பிரதர், ஹூ லிவ்ஸ் இன் மதுரை, இஸ் எ டாக்டர்’ என இரு காற்புள்ளிகளுடன் எழுதுக. பேசுபவருக்கு உடன்பிறந்தான் ஒருவனே, அவன் மருத்துவன், அவன் மதுரையில் வாழ்வது ஓர் உதிரிச் செய்தி. குறிகளை நீக்கி எழுதினால், உடன்பிறந்தார் பலர் உளர் என்றும், அவருள் மதுரையில் வாழ்பவனே மருத்துவன் என்றும் பொருள்படும். சொல் ஒன்றும் மாறவில்லை. குடும்பத்தின் தொகை மாறிவிட்டது!

தமிழ் மாணவர்க்கு இது கடினமாக இருப்பதற்குத் தக்க காரணம் உண்டு. ‘மதுரையில் வாழும் என் அண்ணன்’ என்னும் பெயரெச்சத் தொடர் இவ்விரு பொருளுக்கும் பொது. வேறுபடுத்த வேண்டின் ‘என் அண்ணன் மருத்துவர், மதுரையில் வாழ்கிறார்’ எனத் தொடரையே பிரித்தெழுதுவோம். ஆங்கிலம் அந்த வேறுபாட்டைக் குறியிடம் ஒப்படைத்துவிட்டது. ஐயம் எழும்போது மாணவர் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். விளக்கத் தொடரை எடுத்துவிட்டால் யாரைப் பற்றிய பேச்சு என்பது இன்னும் தெளிவாக உள்ளதா? உளதெனில் இரு புறமும் காற்புள்ளி இடுக; இலதெனில் இடற்க. ‘உழைத்துப் படித்த மாணவர்கள் தேறினர்’ என்பதனை ஆங்கிலப்படுத்தும்போது தவறிக் காற்புள்ளி இட்டுவிட்டால், எல்லா மாணவரும் உழைத்தனர், எல்லாரும் தேறினர் என்றாகிவிடும். ஆசிரியர்கள் அவ்வாறு எழுதும் பேறு பெற விரும்புவர் எனினும், தேர்வு முடிவுகள் இடந்தருவதில்லை.

இக்குறியின் பிழையால் விளைவது மதிப்பெண் இழப்பு மட்டுமே எனக் கருதுவோர்க்கு நீதிமன்ற ஏடுகள் விடையளிக்கும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், மிகைநேர ஊதியம் பெறத் தகுதியில்லாப் பணிகளைச் சட்டம் ஒரு வரிசையாக அடுக்கியிருந்தது. உணவுப்பொருள்களைத் தகரத்தில் அடைத்தல், பதப்படுத்தல், உறையவைத்தல், உலர்த்தல், சேமித்தல் எனச் சென்ற அவ்வரிசை, ‘பேக்கிங் ஃபார் ஷிப்மெண்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்’ என முடிந்தது. ‘ஷிப்மெண்ட்’ என்பதன் பின் காற்புள்ளி இல்லை. ஓக்ஹர்ஸ்ட் என்னும் பால் நிறுவனத்தின் ஊர்தி ஓட்டுநர்கள் பொருள்களைப் பகிர்ந்தளிப்பவர்கள், பொதிபவர்கள் அல்லர். அனுப்புவதற்கோ பகிர்ந்தளிப்பதற்கோ பொதிவதே விலக்கப்பட்டது, பகிர்ந்தளித்தல் தனியே விலக்கப்படவில்லை என அவர்கள் வழக்காடினர். வரிசையிலுள்ள பிற செயல்களெல்லாம் ‘இங்’ என முடிய, ‘டிஸ்ட்ரிபியூஷன்’ மட்டும் ‘ஷிப்மெண்ட்’ போன்ற வடிவில் நிற்பதையும் சுட்டினர். ‘பேக்கிங்’ என்பது வரிசையின் இறுதி உறுப்பாயின் அதன்முன் ‘ஆர்’ வந்திருக்க வேண்டுமே என்பது நிறுவனத்தின் மறுப்பு. இரண்டும் வலுவான வாதங்களே. கீழ்நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. 2017 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம், சட்டத்தின் சொற்கள் இரு பொருள் படுவன எனக் கண்டு, ஊதியச் சட்டங்களைத் தொழிலாளர்க்கு நன்மையாகவே விரித்துப் பொருள்கொள்ள வேண்டும் என்னும் அம்மாநில நெறிப்படி ஓட்டுநர்களுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. 2018இல் நிறுவனம் 50 இலட்சம் டாலர் அளித்து வழக்கை முடித்துக்கொண்டது. சட்டமன்றமோ அதற்கு முன்பே அவ்வரிசையைத் திருத்தி, காற்புள்ளிகளுக்குப் பதில் அரைப்புள்ளிகளை இட்டுவிட்டது. தமிழில் அச்சட்டம் இயற்றப்பட்டிருப்பின் ‘அனுப்புவதற்கோ பகிர்ந்தளிப்பதற்கோ பொதிதல்’ என்றோ, ‘அனுப்புவதற்காகப் பொதிதல், பகிர்ந்தளித்தல்’ என்றோ உருபே பொருளைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

வரிசையின் இறுதி உறுப்பிற்கு முன்னுள்ள இக்குறிக்கு ‘ஆக்ஸ்ஃபோர்டு காற்புள்ளி’ என்று பெயர். அப்பல்கலைக்கழக அச்சகம் அதனை வலியுறுத்துகிறது. செய்தித்தாள்கள் பெரும்பாலும் விடுத்துவிடுகின்றன. இரண்டில் எதனையும் மேற்கொள்ளலாம். ஒரே கட்டுரையில் இரண்டையும் கலப்பது முறையன்று. பொருள் மயங்குமிடத்தில் இட்டுவிடுவதே அறிவுடைமை என்பது என் கருத்து.

நம் நாட்டிலும் இத்தகைய வழக்கு எழுந்ததுண்டு. 1940ஆம் ஆண்டின் மருந்துகள், ஒப்பனைப் பொருள்கள் சட்டத்தின் 27ஆம் பிரிவில் ‘ஸ்டாக்ஸ் ஆர் எக்ஸிபிட்ஸ் ஃபார் சேல்’ என அன்று வந்த இடத்தில், ‘ஸ்டாக்ஸ்’ என்பதன் பின் காற்புள்ளி இருக்கவில்லை. இருந்திருப்பின் இருப்பு வைத்தலே குற்றமாகியிருக்கும். இல்லாமையால் ‘விற்பனைக்காக’ என்பது இரு வினைகளோடும் இயைந்தது. விற்கும் நோக்கமின்றி வெறுமனே வைத்திருத்தல் அப்பிரிவின்கீழ்க் குற்றமாகாது என 1979இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. சட்டத்திற்குப் பொருள் காண்பதில் நிறுத்தக்குறி ஒரு சிறு துணையே என்பது அந்நீதிமன்றம் 1952லேயே கூறிய நெறி. எனினும் அச்சிறு துணையே ஒருவருடைய சிறைவாசத்தைத் தீர்மானிக்கும் நேரமும் வருகிறது.

உயிரே போன வழக்கும் உண்டு. ஐரிஷ் விடுதலைக்காகச் செருமனியில் முயன்ற ரோஜர் கேஸ்மெண்ட் மீது 1916இல் இலண்டனில் அரசத்துரோக வழக்குத் தொடரப்பட்டது. 1351ஆம் ஆண்டுச் சட்டம், அரசரின் பகைவரோடு நாட்டிற்குள் சேர்தலைப் பற்றியும், அவர்களுக்கு உதவுதலைப் பற்றியும் கூறி, ‘அல்லது பிறவிடத்தில்’ என முடிகிறது. அவ்விறுதிச் சொற்கள் உதவிக்கு மட்டும் உரியனவா, சேர்தலுக்கும் உரியனவா? முன்னதாயின் செருமனியில் நிகழ்ந்த செயல் அச்சட்டத்தின்கீழ் வாராது. நார்மன் பிரெஞ்சில் எழுதப்பட்ட பழஞ்சுவடியில் இடைக்குறி உளதா எனக் காண நீதிபதிகள் இருவர் ஆவணக் காப்பகத்திற்கே சென்றனர். பின்னைய பொருளே கொள்ளப்பட்டது. 1916 ஆகஸ்ட் 3ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டார். ‘காற்புள்ளியால் தூக்கிலேறியவர்’ என ஆங்கிலத்தில் அவரைப் பற்றிய வழக்காறு உண்டு. சுவடியிற் கண்ட கீறல் காற்புள்ளிதானா என்பது வேறு செய்தி.

எஞ்சியவை எளியன. விளிக்கப்படும் பெயரைக் காற்புள்ளியாற் பிரிக்க வேண்டும். ‘லெட் அஸ் ஈட், ஃபாதர்’ என்பதிற் குறியை விட்டால் தந்தையே உணவாகிவிடுவார் என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த நகைச்சுவை. தொடரின் முன் வரும் துணைத்தொடர்க்குப் பின் காற்புள்ளி வரும். அதே துணைத்தொடர் பின்னால் வரின் பெரும்பாலும் வேண்டுவதில்லை. ‘இஃப்’ என்று தொடங்கும் நிபந்தனைத் தொடரில் இதனைப் பழகிக்கொள்ளலாம். மேற்கோளின் இறுதியில் அமெரிக்கர் காற்புள்ளியை மேற்கோட்குறிக்கு உள்ளேயே இடுவர். ஆங்கிலேயர், அது மேற்கோளுக்கு உரியதாயின் உள்ளேயும், அன்றேல் வெளியேயும் இடுவர். நம் கல்லூரிகளில் ஆங்கிலேயர் முறையே பழகிவந்துள்ளது. எண்களிலும் கருத்து வேண்டும். பத்து இலட்சத்தை நாம் 10,00,000 என எழுத, மேலைநாட்டார் 1,000,000 என எழுதுவர். செருமானியர்க்கோ காற்புள்ளி பதின்மப் புள்ளியின் இடத்தில் வருவது. அவர்கள் 2,500 என எழுதினால் அது இரண்டாயிரத்து ஐந்நூறு அன்று, இரண்டரை.