தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தக் கோரும் கடிதம்: அலுவல் கடிதத்திற்கு ஒரு புதிய தலைப்பு

அலுவல் கடிதம் என்றதும் நம் மாணவர்களுக்கு நினைவுக்கு வரும் தலைப்புகள் சில. குடியிருப்பில் குப்பை அள்ளப்படவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, கழக முகாமுக்கு அனுமதி வேண்டும். ஆண்டுதோறும் இவற்றையே எழுதுகிறார்கள், நாமும் இவற்றையே திருத்துகிறோம். இம்முறை, வீட்டில் உண்மையிலேயே தேவைப்படும் ஒரு கடிதத்தை எடுத்துக்கொள்வோம். சாலை உதவித் திட்டம் ஒன்று ஆண்டுதோறும் தானாகப் புதுப்பிக்கப்படுவதை நிறுத்தச் சொல்லும் கடிதம் அது.

இந்தத் தலைப்பு எனக்கு வீட்டிலிருந்துதான் கிடைத்தது. என் அப்பா 2021-இல் தம் பழைய காரை விற்றார். அந்தக் காருக்காக ஒரு சாலை உதவித் திட்டத்தில் சேர்ந்திருந்தார். நடுவழியில் கார் நின்றால் இழுவை வண்டி வரும், பேட்டரி மாற்றித் தருவார்கள். ஆண்டுக்கு 160 ரிங்கிட். ஒவ்வொரு மார்ச் மாதமும் கடன் அட்டையிலிருந்து அதுவாகவே பிடித்துக்கொள்வார்கள். கார் போய் ஈராண்டு கழித்து, 2023-இல், அவருடைய கடன் அட்டை அறிக்கையை நான் பார்த்தபோது அந்த 160 ரிங்கிட் அப்போதும் போய்க்கொண்டிருந்தது. கேட்டால், “அதான் போன வருசமே போன்ல சொல்லிட்டேனேம்மா, அந்தப் பிள்ளையும் ஓகே அங்கிள்னு சொல்லிச்சே” என்றார். யாரிடம் சொன்னார், எந்தத் தேதி, புகார் எண் என்ன? எதுவும் இல்லை.

பின்னர் ஒரு கடிதம் எழுதினோம். அந்த ஆண்டுக்குரிய 160 ரிங்கிட் திரும்பக் கிடைத்தது. முந்தைய ஆண்டின் 160 கிடைக்கவில்லை. வேண்டாம் என்று சொன்னதற்கு எழுத்துச் சான்று இல்லை என்பதே அவர்கள் தந்த பதில்.

தானியங்கிப் புதுப்பிப்பு எப்படி நடக்கிறது?

திட்டத்தில் சேரும்போது நிரப்பும் படிவத்தில், “மறுத்துத் தெரிவிக்காவிட்டால் திட்டம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும்” என்ற பொருளில் ஒரு விதி இருக்கும். அதில் கையொப்பமிட்டதும் நம் மௌனமே சம்மதம் ஆகிவிடுகிறது. காப்பு ஒரு நாள்கூட விட்டுப்போகாது என்பது இதன் நன்மை. காரை விற்ற பிறகும், வேறு திட்டத்துக்கு மாறிய பிறகும் பணம் போய்க்கொண்டே இருக்கும் என்பது இதன் தீமை.

இது நம் நாட்டில் மட்டும் உள்ள சிக்கல் அல்ல. பிரிட்டனில் காப்புறுதி நிறுவனங்கள் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்துவதற்கு எளிய வழிகளைத் தர வேண்டும் என்ற விதி 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. நம் நாட்டில் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில், நியாயமற்ற ஒப்பந்த விதிகள் பற்றிய பகுதி 2010-இல் சேர்க்கப்பட்டது. ஆனால் எந்தச் சட்டமும் நமக்காகக் கடிதம் எழுதித் தராது.

நிறுத்துவதற்கு முன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். உங்கள் வாகனக் காப்புறுதியிலேயே இழுவைச் சேவை சேர்ந்திருக்கலாம். முழுக் காப்புறுதி எடுத்திருந்தால் அதன் ஆவணத்தைப் படித்துப் பாருங்கள். பிளஸ் நெடுஞ்சாலையில் கார் நின்றுவிட்டால், அருகிலுள்ள பாதுகாப்பான இடம்வரை பிளஸ் ரோந்துக் குழு இலவசமாக இழுத்துச் செல்லும். ஒரே சேவைக்கு இரண்டு இடத்தில் பணம் கட்டுகிறோமா என்பது இதில் தெரிந்துவிடும். மாறாக, வேறு எந்தக் காப்பும் இல்லை என்றால் நிறுத்தும் முன் மாற்று ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

மூன்று கோரிக்கைகள், மூன்று வினைகள்

மாணவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். “திட்டத்தை ரத்து செய்யுங்கள்” என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையில் இங்கே மூன்று தனித்தனிக் கோரிக்கைகள் உள்ளன.

1. புதுப்பிக்க வேண்டாம்: இப்போதைய திட்டம் முடிவுத் தேதிவரை இருக்கும். அதுவரை சேவையைப் பெறலாம். அடுத்த ஆண்டுக்குப் பணம் பிடிக்கக்கூடாது.

2. ரத்து செய்க: திட்டம் இன்றே முடிகிறது. எஞ்சிய மாதங்களுக்குப் பணம் திரும்பக் கிடைக்குமா என்பது ஒப்பந்த விதியைப் பொறுத்தது.

3. பணத்தைத் திருப்பித் தருக: ஏற்கெனவே பிடிக்கப்பட்ட தொகையைக் கேட்பது. இதற்குத் தேதியும் தொகையும் சான்றும் வேண்டும்.

முதல் கோரிக்கை தேவைப்படும் இடத்தில் இரண்டாவதை எழுதினால், பணம் கட்டிய மாதங்களுக்கான சேவையையும் இழந்துவிடுவோம். ஒரு சொல்லால் வரும் இழப்பு இது.

தேதிச் சொற்களிலும் கவனம் தேவை. “மார்ச் 14-க்குள் நிறுத்தவும்” என்றால் அதற்கு முன் எந்த நாளிலும் நிறுத்தலாம் என்று பொருள் கொள்ள இடமுண்டு. “மார்ச் 14 முதல் நிறுத்தவும்” என்றால் 14-ஆம் தேதி காப்பு உண்டா இல்லையா என்ற ஐயம் வரும். “14 மார்ச் 2026 அன்று முடிவடைந்த பிறகு புதுப்பிக்க வேண்டாம்” என்பதே தெளிவான தொடர்.

மாதிரிக் கடிதம்

(அனுப்புநர் பெயர், முகவரி)
____________________________

(நிறுவனத்தின் பெயர், முகவரி)                    9 பிப்ரவரி 2026

ஐயா / அம்மையார்,

சாலை உதவித் திட்டத்தின் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தக் கோருதல்
உறுப்பினர் எண்: ________   வாகன எண்: ________

வணக்கம். மேற்காணும் திட்டத்தில் நான் உறுப்பினராக உள்ளேன். இத்திட்டம் 14 மார்ச் 2026 அன்று முடிவடைகிறது.

2. அத்தேதிக்குப் பிறகு இத்திட்டத்தைப் புதுப்பிக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். இவ்வாகனத்தை நான் விற்கவிருக்கிறேன். 14 மார்ச் 2026 வரை இப்போதைய காப்பு தொடர வேண்டும்.

3. என் கடன் அட்டையிலிருந்து ஆண்டுக் கட்டணம் பிடிப்பதற்கு நான் அளித்த அனுமதியையும் இக்கடிதத்தின் வழி மீட்டுக்கொள்கிறேன்.

4. இக்கோரிக்கை ஏற்கப்பட்டதை 23 பிப்ரவரி 2026-க்குள் எழுத்து வழி உறுதிப்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.

இக்கண்,
(கையொப்பம்)
(பெயர்)

கடிதத்தில் எது ஏன் இருக்கிறது?

உறுப்பினர் எண்ணும் வாகன எண்ணும் தலைப்பை ஒட்டியே வருகின்றன. கடிதத்தைத் திறப்பவர் முதலில் தேடுவது அவற்றைத்தான். தேதியைக் கவனியுங்கள். புதுப்பிப்பை நிறுத்த 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்வதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் பிப்ரவரி 12-க்குள் கடிதம் போய்ச் சேர வேண்டும். அதனால்தான் 9-ஆம் தேதி எழுதுகிறோம். இந்த நாள் கணக்கு ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். படித்துப் பார்க்காமல் ஊகிக்கக்கூடாது.

மூன்றாம் பத்தி பலருக்குத் தோன்றாத ஒன்று. “கார்டை மாத்திட்டா பணம் பிடிக்க முடியாதுதானே டீச்சர்?” என்று ஒரு மாணவர் கேட்டார். அப்படி நம்பியிருக்க முடியாது. புதிய அட்டையின் விவரம் நிறுவனத்துக்குத் தானாகவே போய்ச் சேரும் ஏற்பாடுகள் உள்ளன. அப்படிப் போகாவிட்டாலும் ஒப்பந்தம் உயிரோடுதான் இருக்கும், கட்டணம் பாக்கி என்று நினைவூட்டல் வரலாம். ஆகவே நிறுவனத்துக்கு எழுதிவிட்டு, நகலை வங்கிக்கும் அனுப்புவது நல்லது.

நான்காம் பத்திதான் கடிதத்தின் உயிர். அப்பாவிடம் இல்லாமல் போனது அந்த எழுத்துச் சான்றுதான்.

நாம் திருத்தும்போது காணும் பிழைகள்

• கோரிக்கைக்குப் பதில் கெஞ்சல். “தயவுகூர்ந்து மனமிரங்கி ஆவன செய்வீர்கள் எனப் பெரிதும் நம்புகிறேன்” என்று எழுதினால் என்ன ஆவன செய்வது என்று படிப்பவருக்குத் தெரியாது. மரியாதை வேண்டும், கூடவே செய்ய வேண்டியதும் தெளிவாக வேண்டும்.

• கதை சொல்லுதல். காரை ஏன் விற்கிறோம், யாருக்கு விற்கிறோம் என்பது இங்கே தேவையில்லை. காரணத்துக்கு ஒரு வாக்கியம் போதும்.

• கோபம். “மக்கள் பணத்தைக் கொள்ளையடிக்கிறீர்கள்” என்ற வரி புள்ளிகளையும் குறைக்கும், பதிலையும் தாமதமாக்கும்.

பதில் வராவிட்டால்?

முதலில் நினைவூட்டல் கடிதம் எழுத வேண்டும். பிறகும் பணம் பிடிக்கப்பட்டால், விற்றவர் யார் என்று பார்க்க வேண்டும். உறுப்பினர் சேவை நிறுவனம் என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தை நாடலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட்தான், பொதுவாக வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று ஆண்டுக்குள் பதிவு செய்ய வேண்டும். காப்புறுதி நிறுவனமே விற்ற திட்டம் என்றால், 2025 ஜனவரியில் தொடங்கிய நிதிச் சந்தைக் குறைதீர்ப்புச் சேவை உள்ளது. இரண்டு இடத்திலும் நம் கடித நகல்தான் பேசும்.

வகுப்பறைக்கு

உண்மை வாழ்வில் இக்கடிதம் மலாயிலோ ஆங்கிலத்திலோதான் போகும். “அப்புறம் எதுக்கு டீச்சர் தமிழ்ல?” என்று மாணவர்கள் கேட்பார்கள். என்ன கேட்கிறோம், எந்தத் தேதியிலிருந்து, எதைச் சான்றாக வைத்து என்பதைத் தமிழில் தெளிவாகச் சிந்தித்தவருக்கு அதை வேறு மொழியில் எழுதுவது கடினமன்று.

பயிற்சி 1: மேலுள்ள மாதிரியை, ஏற்கெனவே பிடிக்கப்பட்ட 160 ரிங்கிட்டைத் திரும்பக் கோரும் கடிதமாக மாற்றி எழுதுக. (எந்தப் பத்திகள் மாறும், எந்தச் சான்றுகளை இணைக்க வேண்டும் என்று முதலில் குழுவில் பேசுக.)

பயிற்சி 2: வீட்டில் பெற்றோரிடம் கேட்டு, மாதந்தோறும் அல்லது ஆண்டுதோறும் தானாகப் பணம் பிடிக்கப்படும் சேவைகளைப் பட்டியலிடுக. தொகையையும் அட்டை விவரங்களையும் வகுப்பில் கூற வேண்டாம். சேவையின் பெயர் மட்டும் போதும்.

இரண்டாம் பயிற்சியை என் வகுப்பில் கொடுத்தபோது, மறுநாள் ஒரு மாணவி வந்து, “டீச்சர், எங்க தாத்தாவுக்கு இந்தக் கடிதம் வேணும்” என்றாள். அன்று அவள் எழுதியதற்கு நான் புள்ளி போடவில்லை. பிழை மட்டும் திருத்தி, நகல் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினேன்.