முள் காட்டாத சூடு

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை என்று ஊர் ஊராகக் கோத்துக்கொண்டு கொல்லத்துக்குப் போகிறது 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. புளியரை வரை சமதரை. அங்கே எந்த லாரியும் வீரன்தான். அதற்கு மேல் முழு லோடோடு மலைச்சாலையின் ‘எஸ்’ வளைவில் ஏறும்போதுதான் இன்ஜினின் யோக்கியதை தெரியும். கரும்புகை தள்ளிக்கொண்டு ஒரு வண்டி நம்மை முந்தினால், “பம்பில் டீசலைக் கூட்டி வைத்திருக்கிறான்” என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள்.

பழைய வண்டிகளில் அது ஒரு திருகைத் திருப்பும் வேலை. புதியவற்றில் கணினியை மாட்டி ‘ரீமேப்’ செய்கிறார்கள். இரண்டிலும் கூடுவது டீசல். காற்று அதே அளவுக்குக் கூடுவதில்லை. சிக்கல் அங்கேதான்.

கணக்குப்படி ஒரு கிலோ டீசல் எரிய ஏறத்தாழ 14.5 கிலோ காற்று போதும். ஆனால் சிலிண்டருக்குள் இரண்டும் கலக்கக் கிடைப்பது நொடியின் மிகச் சிறு துளி நேரம். அதனால் புகையில்லாமல் எரிய 20 கிலோவாவது வேண்டியிருக்கிறது. மிச்சக் காற்று வீணல்ல, சூட்டை வாங்கிக்கொண்டு வெளியேறுகிறது. டீசலைக் கூட்டக் கூட்ட அந்த மிச்சம் சுருங்கி, புகைபோக்கிக்குப் போகும் வாயு கொதிக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா அடுப்பில் விறகை மட்டும் திணித்துக்கொண்டே போனால் சட்டிக்கு அடியில் கரிதான் மிஞ்சும். இன்ஜினில் கரியோடு சூடும் மிஞ்சுகிறது.

எவ்வளவு சூடு? புகை வாயுவால் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தும் டர்போவுக்கு முன்னால், வாயு நெடுநேரம் 700 டிகிரி செல்சியஸைத் தாண்டி நிற்கக் கூடாது என்பது பட்டறைகளில் பரவலாகச் சொல்லப்படும் எல்லை. பிஸ்டன் பெரும்பாலும் அலுமினியக் கலவை. சுத்த அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். அடியில் பீய்ச்சும் ஆயிலும், ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே வரும் புதுக் காற்றும்தான் அதைக் காப்பாற்றுகின்றன. நீண்ட ஏற்றத்தில் அந்தக் காப்பு தோற்றால், பிஸ்டனின் தலை இளகி ஓட்டை விழும்.

ஓட்டுநர் முன்னால் இருக்கும் முள் இதைச் சொல்லாது. அது ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டைக் காட்டுவது. பல லிட்டர் தண்ணீர் சூடேற நேரமாகும்; புகை வாயுவோ சில நொடிகளில் எகிறிவிடும். அதை அளக்க, புகைக்குழாயில் துளையிட்டு ‘தெர்மோகப்பிள்’ செருகுவார்கள். இரு வேறு உலோகக் கம்பிகளின் முனைகளைச் சேர்த்துச் சூடாக்கினால் மின்னழுத்தம் பிறக்கும் என்ற விளைவு 1821இல் விஞ்ஞானி சீபெக் கண்டது. 700 டிகிரியில் கிடைப்பது வெறும் 29 மில்லிவோல்ட்தான், ஆனாலும் போதும். டர்போவுக்குப் பின்னால் செருகினால் முள் நூறு டிகிரிக்கு மேல் குறைத்துக் காட்டி ஏமாற்றும்.

சூடு குறைய உள்ளே போகும் காற்று கூட வேண்டும். டர்போ அழுத்தும் காற்று 120, 130 டிகிரிக்குச் சூடாகும். இன்டர்கூலர் அதை 60 டிகிரிக்கு இறக்கினால் அதே இடத்தில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் காற்று அடங்கும். டீசலைக் கூட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் அதன் அடைப்பையும் ஹோஸ் கசிவையும் பார்க்கட்டும். சட்டமும் இருக்கிறது: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களை உரிமையாளர் தன் இஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கிறது.

என்னைக் கேட்டால், மலிவான வைத்தியம் ஓட்டுநரின் இடது கையில் இருக்கிறது. பெரிய கியரிலேயே முக்கிக்கொண்டு ஏறினால் சுற்று குறைந்து டர்போ காற்றுத் தராது, கால் மட்டும் டீசலை அமுக்கிக்கொண்டிருக்கும். ஒரு கியர் இறக்கினால் சுற்று ஏறும், காற்று வரும், ஒவ்வொரு வெடிப்புக்கும் வேண்டிய டீசல் குறையும். சத்தம் கூடுவதால் இன்ஜின் வாதைப்படுவதாகத் தோன்றும். உண்மையில் அப்போதுதான் அது மூச்சு விடுகிறது.

ஏறி முடித்த கையோடு ஆரியங்காவில் டீக்கடையைப் பார்த்ததும் சாவியைத் திருகுகிறவர்கள் உண்டு. டர்போவின் பேரிங்கில் ஆயில் ஓட்டம் நின்று, தங்கிய ஆயில் அந்தச் சூட்டிலேயே கரியாகும். டீ ஆறும் நேரத்துக்கு, இரண்டு மூன்று நிமிடம், வண்டி ஐடிலில் ஓடட்டும்.