அணைத்த பிறகு ஏறும் சூடு

மண்ணூர்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அப்பா காலத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருக்கிறார். காலையில் முதல் செல்ஃபிலேயே கிளம்பும் வண்டி, பாடியில் டீ குடிக்க நிறுத்திவிட்டு வந்தால் அடம்பிடிக்கிறதாம். மெக்கானிக் பெட்ரோல் பம்பை மாற்றிப் பார்த்தார், காயிலை மாற்றிப் பார்த்தார், இப்போது கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார். ஐயா, மாற்ற வேண்டாம்.

ஹெரால்டு நம்ம ஊர்க் கார். 1961 முதல் வண்டலூரில் தயாரானது. இங்கிலாந்தில் இதே சேசிஸைக் குறுக்கித்தான் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். எஞ்சினும் அதே குடும்பம்தான். சோழவரம் ரேஸில் ஹெரால்டுகள் சீறியதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்த எஞ்சின்களில் பெட்ரோல் உள்ளே போகும் வழியும் புகை வெளியேறும் வழியும் ஒரே பக்கம். கார்புரேட்டருக்கு அடியிலேயே புகையை வாங்கும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு, பல நூறு டிகிரி சூட்டில்.

ஓடும்வரை தொல்லையில்லை. ஃபேன் காற்று வீசுகிறது, ரேடியேட்டர் தண்ணீர் சுற்றுகிறது, புதிதாக வரும் பெட்ரோலே கார்புரேட்டரைக் குளிர்விக்கிறது. சாவியைத் திருப்பியதும் மூன்றும் நின்றுவிடும். இரும்பில் தங்கிய சூடு நிற்காது. எங்கள் வீட்டுக் கல்சட்டியில் வத்தக்குழம்பை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் தளதளவென்று கொதித்துக்கொண்டேயிருக்கும். அதே கதைதான். பத்து, இருபது நிமிடத்துக்கு பானட்டுக்குள் சூடு குறையாது, ஏறும். பெட்ரோலில் லேசான பகுதிகள் 40 டிகிரியை ஒட்டியே ஆவியாகத் தொடங்குபவை. எத்தனால் கலந்த பிறகு 80 டிகிரிக்குள் ஆவியாகும் பங்கு இன்னும் கூடிவிட்டது. கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் கொதித்து எஞ்சினுக்குள் வழிகிறது. பம்புக்கு வரும் குழாயிலோ ஆவி அடைத்துக்கொள்கிறது. டீ குடித்து முடிக்கும் நேரம்தான் இருப்பதிலேயே மோசமான நேரம்.

கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே ஒரு அலுமினியத் தகடு நிற்கட்டும். இரண்டு பக்கமும் காற்றுக்கு இடம் விட்டு நிற்க வேண்டும். பளபளப்பான அலுமினியம் தன்மேல் விழும் அனல் கதிரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் திருப்பியடித்துவிடும். ஆயிலும் புழுதியும் படிந்தால் அந்தக் குணம் போய்விடும், துடைத்துவர வேண்டும். கார்புரேட்டருக்கு அடியில் தடித்த பேக்கலைட் துண்டு ஒன்றும் வையுங்கள். அம்பத்தூர் எஸ்டேட் பக்கத்தில் இருப்பவருக்கு இந்த வேலைக்குப் பட்டறை தேட வேண்டியதில்லை.

புகை வெளியேறும் பைப்பைச் சுற்றிக் கண்ணாடியிழை நாடா கட்டுவது இப்போது நாகரிகமாகிவிட்டது. சூடு குறையும், உண்மைதான். ஆனால் சென்னையின் ஈரத்தைப் பிடித்துவைத்து, உள்ளே பைப்பை அரித்துவிடும். ஆயில் ஊறினால் தீயே பிடிக்கும். பழைய அஸ்பெஸ்டாஸ் கயிறு என்றால் கிட்டவே போகாதீர்கள். அதன் தூசி நுரையீரலில் தங்கிப் புற்றுநோய்வரை கொண்டுபோய்விடும். முகத்தில் ஒரு துணிகூட இல்லாமல் அதைப் பிய்த்தெடுக்கும் பையன்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஒரு காரின் அழகுக்காக அந்தப் பிள்ளைகள் மூச்சைக் கொடுக்க வேண்டுமா?

ஹெரால்டின் பானட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கம் சாயும், எஞ்சின் முழுக்கத் திறந்துவிடும். வண்டியை நிறுத்தியதும் அதைத் தூக்கிவிடுங்கள். திரும்பக் கிளப்பும்போது சோக் இழுக்காமல், ஆக்சிலரேட்டரை ஒரே மிதியாக முழுக்க மிதித்துப் பிடித்து செல்ஃப் அடியுங்கள். பெட்ரோல் வாசனை தூக்கலாக அடித்தால் சாவியைத் தொடாதீர்கள், கால் மணி நேரம் பொறுங்கள்.