கணுவைப் பாருங்கள்

கச்சிராயபாளையம் பக்கம் கரும்பு நடவுக்குக் கரணை வெட்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா? வெட்டுகிறவரின் கத்தி கணுவில் படாது; இரண்டு கணுக்களுக்கு நடுவில்தான் இறங்கும். பரு நசுங்கினால் முளைப்பு போச்சு. ஒரு செடியில் எது தண்டு என்று கண்டுபிடிக்கத் தாவரவியல் சொல்லும் வழியும் இதுவே. கணு வேண்டும், கணுவில் இலையோ அதன் தழும்போ, அதன் கக்கத்தில் ஒரு பருவோ வேண்டும்.

விரலி மஞ்சளைக் கையில் எடுங்கள். மண்ணுக்குள் விளைந்தாலும் வளையம் வளையமாகக் கணுக்கள் தெரியும். அது உணவைச் சேர்த்துவைக்கும் தண்டு. அதனால் அதையே விதையாக நடுகிறோம். மரவள்ளிக் கிழங்கில் கணு இல்லை, அது வேர். ஆகவே கிழங்கைத் தின்றுவிட்டுக் குச்சியை நடுகிறோம். இந்த ஊர் விவசாயிக்குப் பாடநூல் இல்லாமலே தெரிந்த தாவரவியல் இது.

கல்வராயன் அடிவாரத்தின் வறண்ட மேடுகளில் கதை இன்னும் சுவையானது. சப்பாத்திக்கள்ளியின் பச்சைத் தட்டு இலையல்ல, தண்டு. இளந்தட்டை, முள் குத்தாமல், கிட்டத்தில் பாருங்கள்: மிளகளவில் கூம்பு கூம்பாக உண்மையான இலைகள் நிற்கும். தட்டு முற்றுவதற்குள் அவை உதிர்ந்துவிடும். அகன்ற இலை இருந்தால் அதன் வழியே நீர் ஆவியாகிவிடும். அதனால் உணவு சமைக்கும் வேலையைத் தண்டே ஏற்றுக்கொண்டது. முள்ளும் உருமாறிய இலைதான். இந்தக் கள்ளி அமெரிக்காவிலிருந்து வந்தது. நம் சதுரக்கள்ளியோ வேறு குடும்பம்; கீறினால் பால் வடியும், முட்கள் இரட்டை இரட்டையாக இலையடிச் செதில்களிலிருந்து வந்தவை. உறவே இல்லாத இரண்டு செடிகள், கடல் கடந்த இரு நிலங்களில், வறட்சிக்கு ஒரே விடையைக் கண்டிருக்கின்றன. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

துவையலுக்குப் பிரண்டை நறுக்கும்போது கணுவைக் கவனியுங்கள். ஒரு பக்கம் இலை, அதற்கு நேர் எதிரே சுருள்கம்பி. அந்தக் கம்பி உருமாறிய தண்டு. நம் மாநில மலரான செங்காந்தளும் கம்பி கொண்டே ஏறுகிறது. ஆனால் அங்கே கணுவில் தேடினால் கிடைக்காது. இலையின் நுனியே நீண்டு சுருண்டு, பக்கத்துப் புதரின் குச்சியைச் சுற்றிப் பிடித்திருக்கும். அதே இலையின் அகன்ற அடிப்பாகம் வெயிலில் உணவு சமைத்துக்கொண்டிருக்கும்.