காய்ச்சல் அடிக்கடி வருதா? குழந்தை கக்கா போவதையும் கவனிங்க!

சளி இல்லை, இருமல் இல்லை. ஆனால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என் தங்கையின் மூன்று வயது மகளுக்குக் காய்ச்சல் 102 டிகிரிக்கு ஏறிவிடும். ஒவ்வொரு முறையும் பாராசிட்டமால், கூடவே ஓர் ஆன்டிபயாடிக் சிரப். மூன்று நாளில் சரியாகிவிடும். 'ஸ்கூல்ல இருந்து ஒட்டிக்கிட்டு வருது' என்று விட்டுவிட்டோம். நான்காவது முறை பார்த்த குழந்தைகள்நல மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "பாப்பா கடைசியா எப்பம்மா மோஷன் போனா?"

தங்கை விரல்விட்டு எண்ணினாள். ஐந்து நாள்.

சிறுநீர்ப் பரிசோதனையில் தொற்று இருப்பது தெரிந்தது.

மலச்சிக்கலுக்கும் காய்ச்சலுக்கும் என்ன சம்பந்தம்? மலக்குடலும் சிறுநீர்ப்பையும் அடிவயிற்றில் அடுத்தடுத்து இருப்பவை. நாள்கணக்கில் மலம் தேங்கிக் குடல் உப்பினால், அது சிறுநீர்ப்பையை அழுத்தும். குழந்தையால் சிறுநீரை முழுதாகக் கழிக்க முடியாது. மிச்சமாகத் தங்கும் சிறுநீரில் கிருமி பெருகும். பெண் குழந்தைகளுக்குச் சிறுநீர்க்குழாய் குட்டையானது என்பதால் கிருமி மேலேறுவது இன்னும் சுலபம். தொற்று சிறுநீரகம்வரை போனால், அங்கே நிரந்தரத் தழும்பு விழலாம். பிற்காலத்தில் ரத்த அழுத்தத்துக்கு அதுவே காரணமாகக்கூடும்.

அதற்காக ஒவ்வொரு காய்ச்சலுக்கும் பயப்பட வேண்டியதில்லை. பள்ளிக்குப் போகத் தொடங்கும் வயதில் வருடத்துக்கு ஆறு, ஏழு முறை சளிக்காய்ச்சல் வருவது சகஜம். சளி, இருமல் எதுவுமில்லாமல் காய்ச்சல் மட்டும் வந்தால், 'யூரின் டெஸ்ட் பார்க்கலாமா டாக்டர்?' என்று நீங்களே கேளுங்கள். ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன்பே சிறுநீரை எடுத்துவிட வேண்டும். பிறகு எடுத்தால், கல்ச்சர் பரிசோதனையில் கிருமி தெரியாமல் போகலாம்.

சரி, மலச்சிக்கல் எங்கே ஆரம்பிக்கிறது? பெரும்பாலும் ஒரே ஒரு நாள் வலியில். இறுகிய மலம் ஒருமுறை வலித்துவிட்டால், அடுத்த முறை குழந்தை அடக்கிக்கொள்ளும். காலைப் பின்னிக்கொண்டு, கதவோரம் ஒளிந்துகொண்டு, முகம் சிவக்க நிற்கும். முக்குகிறது என்று நினைப்போம், உண்மையில் அடக்குகிறது. அடக்க அடக்க மலம் இன்னும் இறுகும். சில குழந்தைகளுக்கு இறுகிய மலத்தைச் சுற்றித் தண்ணியாகக் கசிந்து ஜட்டியில் படும். அதைப் பேதி என்று நினைத்து மருந்து கொடுத்தால் நிலைமை மோசமாகும்.

எங்கள் வீட்டுக் குற்றவாளி, பால். சோறு சாப்பிடவில்லையே என்று ஒரு நாளைக்கு நான்கு டம்ளர் கொடுத்துக்கொண்டிருந்தோம். வயிறு பாலிலேயே நிறைந்தால் காய், பழத்துக்கு இடமேது? மருத்துவர் இரண்டு டம்ளராகக் குறைக்கச் சொன்னார். கீரை, கொய்யா, ஊறவைத்த உலர்திராட்சை, அடிக்கடி தண்ணீர் என்று மாற்றினோம். சாப்பிட்ட பத்து, இருபது நிமிடத்தில் குடல் தானாக அசையும் என்பதால், காலை உணவுக்குப் பிறகு ஐந்து நிமிடம் உட்காரவைத்தோம். வெஸ்டர்ன் டாய்லெட்டில் கால் தொங்கினால் முக்க முடியாது. பாதத்துக்குக் கீழே ஒரு சின்ன ஸ்டூல் போதும்.

சோப்புத் துண்டு, வெற்றிலைக் காம்பு வைப்பது வேண்டாம். வலியும் பயமும்தான் கூடும். மருத்துவர் தரும் மலமிளக்கியைச் சில மாதங்கள்கூடத் தொடர வேண்டியிருக்கும். இரண்டு நாள் நன்றாகப் போனதும் நாமாக நிறுத்துவதுதான் பெரிய தவறு. நாங்களும் ஒருமுறை நிறுத்தினோம். மூன்றே வாரத்தில் பழைய கதை.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலோ, எந்த வயதிலும் பச்சை நிற வாந்தி, வயிறு உப்புசம், மலத்தில் ரத்தம், எடை குறைவு இருந்தாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள். பிறந்து 48 மணி நேரத்துக்குள் குழந்தை முதல் மலம் கழிக்கவில்லை என்றால், வளர்ந்த பிறகு வரும் மலச்சிக்கலின்போதும் அதை மறக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.