உலைக்கு முன் நிற்பவருக்குக் கண்புரை: இலவச முகாம் எதுவரை? இஎஸ்ஐ உரிமை என்ன?

கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதியில் இரும்பு உருக்கும் உலைகளும் ரோலிங் மில்களும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் பல வருடம் வேலை பார்த்தவர் 'கண்ணு மங்கலா தெரியுது' என்றால், கிடைக்கும் பதில் பெரும்பாலும் இதுதான்: 'வயசாயிடுச்சுல்ல, ஏதாவது ஃப்ரீ கேம்ப் போட்டா போய்க் காட்டு'. யோசனை தப்பில்லை. ஆனால் அது பாதி வழிதான்.

உலைக்கும் கண்புரைக்கும் என்ன சம்பந்தம்?

கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மெல்ல மெல்ல வெளுத்து மங்குவதே கண்புரை. முதுமை, சர்க்கரை நோய் போன்றவை வழக்கமான காரணங்கள். இன்னொன்றும் உண்டு. பழுக்கக் காய்ந்த உலோகத்திலிருந்தும் கண்ணாடிக் குழம்பிலிருந்தும் வரும் அகச்சிவப்புக் கதிர்கள், பல வருடம் தொடர்ந்து பட்டால் லென்ஸைக் கெடுக்கும். கண்ணாடி ஊதும் தொழிலாளர்களிடம் இது வெகு காலத்துக்கு முன்பே கவனிக்கப்பட்டது. மாத்திரையிலோ சொட்டு மருந்திலோ புரை கரையாது. அறுவை சிகிச்சை செய்து செயற்கை லென்ஸ் வைப்பதுதான் தீர்வு.

இலவச சிகிச்சைக்கு யார் பணம் கொடுக்கிறார்கள்?

தமிழகத்தில் இதற்குப் பெரிய உதாரணம் அரவிந்த் கண் மருத்துவமனை. அரசுப் பணியில் ஓய்வு பெற்ற டாக்டர் கோ.வெங்கடசாமி, 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கியது. முடக்குவாதத்தால் விரல்கள் வளைந்துபோன நிலையிலும் அறுவை சிகிச்சை செய்தவர் அவர். சென்னைக் கிளை பூந்தமல்லி நெடுஞ்சாலையில் 2017 முதல் இயங்குகிறது.

கணக்கு எளிமையானது. வசதி உள்ளவர் கட்டணம் செலுத்துகிறார். அந்த வருமானத்தில் வசதி இல்லாதவருக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை நடக்கிறது. ஒரு நோயாளிக்கு முடியும்போதே பக்கத்து மேஜையில் அடுத்தவர் தயாராக இருப்பார். டாக்டரின் நேரம் வீணாகாததால் செலவு குறைகிறது. இறக்குமதி லென்ஸ் ஒன்று 100 டாலரைத் தாண்டி விற்ற காலத்தில், 1992-ல் மதுரையில் ஆரோலேப் நிறுவனம் தொடங்கி லென்ஸைத் தாங்களே மலிவாகத் தயாரித்தார்கள்.

இலவசம்னா ஆபத்தா?

அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2008-ல் விழுப்புரம் மாவட்டத்தில் நடந்த ஒரு இலவச முகாமில் தேர்வாகி அறுவை சிகிச்சை செய்துகொண்ட 66 பேர், நோய்த்தொற்றால் பார்வை இழந்தார்கள். ஆபத்து 'இலவசம்' என்பதில் இல்லை, சுத்தம் தவறுவதில் இருக்கிறது. முகாமில் பரிசோதனை மட்டும்தான் நடக்க வேண்டும். ஆபரேஷன் மருத்துவமனைத் தியேட்டரில்தான். ஆபரேஷனுக்குப் பிறகு வலி, சிவப்பு, பார்வைக் குறைவு எது வந்தாலும் அன்றைக்கே திரும்பிப் போக வேண்டும்.

ஃப்ரீ என்றாலும் ஏன் பலர் போவதில்லை?

ஆபரேஷன் இலவசம், அன்றைய கூலி போவது இலவசமில்லை. பஸ் செலவு, சாப்பாடு, துணைக்கு வருபவரின் கூலி எல்லாம் சேரும். கும்மிடிப்பூண்டியும் திருவள்ளூரும் ஒரே மாவட்டம்தான், ஆனால் வெவ்வேறு ரயில் தடம். புறநகர் ரயிலில் மாவட்டத் தலைநகருக்கு வர, சென்னை வரை போய் வண்டி மாற வேண்டும். போக்குவரத்தையும் சேர்த்து ஏற்பாடு செய்யும் முகாம்களுக்குக் கூட்டம் வருவது இதனால்தான்.

இஎஸ்ஐ இருந்தால் என்ன கிடைக்கும்?

10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் தொழிற்சாலையில், மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர் இஎஸ்ஐ வரம்புக்குள் வருவார். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இது பொருந்தும். சம்பளத்தில் தொழிலாளி 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார்கள். ஆகவே அங்கே கிடைக்கும் சிகிச்சை தர்மம் அல்ல.

முக்கியமான விஷயம்: அகச்சிவப்புக் கதிர்களால் வரும் கண்புரை, சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. சாதாரண நோய்க்கு விடுப்பு எடுத்தால் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். தொழில்நோய் என்று ஏற்கப்பட்டால் அது வேலையில் பட்ட காயத்துக்குச் சமம்; தற்காலிக ஊனத்துக்கு 90 சதவீதம். நிரந்தரப் பாதிப்பு என்றால் மாதாமாதம் தொகை உண்டு. 'வயசானதால வந்தது' என்று விட்டுவிட்டால் இந்த உரிமையும் சேர்ந்தே போய்விடும்.

உலைத் தொழிலாளி என்ன செய்யலாம்?

* இஎஸ்ஐ எண் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒப்பந்ததாரர் பிடித்தம் செய்தால் எண் இருந்தாக வேண்டும்.
* டாக்டரிடம் 'கண்ணு மங்குது' என்பதோடு நிறுத்தாமல், எந்த வேலை, எத்தனை வருடம் என்பதையும் சொல்லி, சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.
* இஎஸ்ஐ இல்லாதவர்கள் அரசு மருத்துவமனை அல்லது இலவச முகாமை நாடலாம். சர்க்கரை, பிபி மாத்திரைச் சீட்டை எடுத்துப் போங்கள்.
* அகச்சிவப்புக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். சாதாரண கூலிங் கிளாஸ் இதற்கு உதவாது.

போன பார்வையை இலவச முகாம் மீட்டுத் தரலாம். அடுத்து அதே உலை முன்னால் நிற்பவரின் கண்ணைக் காப்பது தொழிற்சாலையின் பொறுப்பு.