அந்தியூர்க் குதிரைச் சந்தை

துவாரகாவின் தெருவோரங்களில் வாரந்தோறும் மாலையில் கூடும் சந்தையை மாணவர் அறிவர். ஒரு நாள் மழையால் வணிகம் கெட்டாலும் அடுத்த வாரம் ஈடுசெய்துகொள்ளலாம். ஆண்டிற்கு ஒருமுறை கூடும் சந்தைக்கு அவ்வாய்ப்பு இல்லை.

ஈரோடு மாவட்டம், அந்தியூரை அடுத்த புதுப்பாளையத்தில் குருநாதசாமி கோயிலின் ஆடித் திருவிழாவை ஒட்டிக் கூடும் கால்நடைச் சந்தை அத்தகையது. திப்பு சுல்தானின் படைக்கு இங்குக் குதிரைகள் வாங்கப்பட்டன என்பது ஊரார் வழிவழியாகக் கூறும் செய்தி. மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகளும் காங்கேயம் காளைகளும் இன்றும் வருகின்றன. செந்நிற உடலில் வெண்திட்டுகள் கொண்ட பர்கூர் மாடுகள் அருகிலுள்ள மலையிலிருந்தே இறங்கி வருபவை.

இத்தகைய சந்தைகளுக்கு வருவாய் எங்கிருந்து கிடைக்கிறது? மாடு கொண்டுவருவோர் செலுத்தும் சுங்கத்திலிருந்து என்று எண்ணத் தோன்றும். ஏலத்தில் விடப்படும் கடையிடங்களும் பெரும்பொருள் தரக்கூடியவை. கயிறும் சலங்கையும் விற்பவர், மிட்டாய்க் கடைக்காரர், ராட்டினம் அமைப்பவர் ஆகியோர் மக்கள் கூட்டத்தை நம்பியே பணம் கட்டுகின்றனர். ராட்டினத்தில் ஏறும் சிறுவன் குதிரை வாங்கப் போவதில்லை. எனினும் குதிரையைப் பார்க்கத்தான் அவன் பெற்றோருடன் வருகிறான். சுங்கத்தை மிகுதியாக உயர்த்தினால், லாரி வாடகை கொடுத்துத் தொலைவிலிருந்து வரும் வணிகர் தயங்குவார். கால்நடை குறைந்தால் கூட்டம் குறையும். மறு ஆண்டு ஏலத்தொகையும் வீழும். ஆகவே தண்ணீர்த் தொட்டிக்கும் நிழலுக்கும் கால்நடை மருத்துவருக்கும் செய்யும் செலவை வீண் என்று கூற இயலாது.

தமிழகக் கால்நடைச் சந்தைகளில் விலை பேசும் முறையும் காணத்தக்கது. தரகர் துண்டினால் கையை மூடி, விரல்களைத் தொட்டே தொகையை உணர்த்துவார். அருகில் நிற்பவருக்கும் விலை தெரியாது!

கூட்டம் மட்டும் போதுமா என்பதற்கு இராசத்தானத்தின் புஷ்கர் சந்தை ஒரு சான்று. ஒட்டகங்களைப் பிற மாநிலங்களுக்குக் கொண்டுசெல்வதை 2015ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்தியது. வெளியூர் வணிகர் வாங்குவது அரிதாயிற்று. ஒட்டகங்களின் வரத்தும் பெரிதும் குறைந்தது. சுற்றுலாப் பயணியரோ இன்றும் திரளாக வருகின்றனர். ஒட்டகம் வளர்ப்போருக்கு அவர்களால் கிடைப்பது சவாரிக் கூலியே.

அந்தியூரிலும் இக்கவலை உண்டு. டிராக்டர் வந்தபின் உழவுமாடு தேடுவோர் குறைந்தனர். குதிரைகளைப் படம் எடுப்போர் பலர். விலை கேட்போர் சிலரே.